திறந்து வைத்தால் மட்டும் போதுமா? மருத்துவ ஆராய்ச்சி பற்றி வாசகர் கேள்வி – பதில்

மருத்துவ ஆராய்ச்சியில் ‘திறந்த அறிவியல்’ பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். மருத்துவப் பரிசோதனை, ஆய்வுத் தரவு, ஆய்வு நெறி ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: திறந்த அறிவியல் என்றால் ஆய்வுக் கட்டுரையைக் காசு கட்டாமல் படிக்கலாம் என்பதுதானே? அதனால் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு என்ன வந்தது? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: சில நேரங்களில் உயிரே வந்திருக்கும். லைபீரியாவில் எடுத்த ரத்த மாதிரிகளில் எபோலாவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதாக 1982-ல் ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. அந்த நாட்டையும் எபோலா நிலைகொண்ட பகுதியில் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. 2014-ல் நோய் அங்கே பரவியபோது, நாட்டின் சுகாதாரத் துறைக்கு அந்தக் கட்டுரை இருப்பதே தெரியாது. பிறகு தேடிப் பார்த்தால், அப்படிப்பட்ட ஒரு கட்டுரையை இறக்கிப் படிக்கக் கட்டணம் 45 டாலர். அங்குள்ள ஒரு மருத்துவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் அது என்று அந்த நாட்டு அதிகாரிகளே 2015-ல் எழுதினார்கள்.

பழியைக் கட்டணத்தின் மேல் மட்டும் போட முடியாது. அந்தக் காலத்துக் கட்டுரைகள் எதிலும் லைபீரிய விஞ்ஞானி ஒருவர்கூட இணை ஆசிரியராக இல்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ரத்தம் அங்கிருந்து போனது, முடிவு திரும்பி வரவில்லை. கட்டுரை இலவசமாகவே கிடைத்திருந்தாலும், ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று அறிந்தவர் அந்த நாட்டில் இருந்திருந்தால்தான் பயன்பட்டிருக்கும்.

அதனால்தான் 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட திறந்த அறிவியல் பரிந்துரை கட்டுரையோடு நிற்கவில்லை. தரவு, மென்பொருள், கருவி வடிவமைப்பு, பாட வளங்கள், பொதுமக்கள் பங்கேற்பு என்று அதன் எல்லை விரிகிறது. கட்டுரையைத் திறப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. யார் கேள்வியை முடிவு செய்கிறார்கள், தரவை யார் கையாள்கிறார்கள் என்பதில்தான் சமத்துவம் நிற்கும் அல்லது விழும். கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அங்கேதான் வந்து சேரும்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு எழுதித் தந்திருக்கும் மருந்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை தேடினேன். சுருக்கம் மட்டும் தெரிகிறது, முழுதும் படிக்கப் பணம் கேட்கிறார்கள். நேர்மையான வழி ஏதாவது உண்டா? – இல்லத்தரசி

பதில்: நிறையவே உண்டு. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் கட்டுரையின் தலைப்பைப் போடுங்கள். வலப்பக்கம் ‘பிஎம்சி’ என்ற பொத்தான் இருந்தால் முழுக் கட்டுரையும் இலவசம். இல்லையென்றால் ஈரோப் பிஎம்சி தளத்தில் அதே தலைப்பைத் தேடுங்கள், ப்ரீபிரின்ட் வடிவங்கள், அதாவது பிற ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்யும் முன்பே வெளியிட்டவை, அங்கே சேர்ந்தே வரும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைச் சொடுக்கினால், ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்த பிரதி பல சமயம் மாட்டும். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியை நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருக்கும்போது பச்சை நிறப் பூட்டுக் குறி காட்டும்.

எதுவும் பலிக்காவிட்டால் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய முகவரி சுருக்கப் பக்கத்திலேயே இருக்கும். தன் கட்டுரையை ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கிறார் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சிதான். வருமானம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி திட்டம் இருக்கிறது. ஆனால் அதில் நிறுவனம்தான் சேர முடியும், தனிநபர் சேர முடியாது.

சுருக்கத்தை மட்டும் படித்து மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். பக்கவிளைவு விவரம் பெரும்பாலும் உள்ளே அட்டவணையில்தான் இருக்கும், சுருக்கத்தில் பெரும்பாலும் நல்ல செய்திதான் இடம்பெறும். தனிக் கட்டுரையைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கங்களில் தொடங்குவது நல்லது. அவற்றில் பல தமிழிலும் உண்டு.

கேள்வி: ‘வெளியாகாத பரிசோதனைகள்’ என்று அடிக்கடி படிக்கிறேன். வெளியாகாதது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு மருந்தின் பரிசோதனை முடிவு மறைக்கப்பட்டிருக்கிறதா என்று என்னைப் போன்ற மாணவி பார்க்க முடியுமா? – மருந்தியல் மாணவி

பதில்: முடியும். அதற்குத்தான் பதிவேடுகள். பரிசோதனை தொடங்கும் முன்பே ‘என்ன செய்யப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம்’ என்று பொதுவில் எழுதி வைத்துவிட்டால், பிறகு காணாமல்போனதைக் கணக்கெடுக்கலாம். முக்கிய மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர் குழு 2005 ஜூலை முதல் இதைக் கட்டாயமாக்கியது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு செய்யாத பரிசோதனையை அச்சிட மாட்டோம் என்றார்கள். மருத்துவ ஆய்வு நெறிகளை வகுக்கும் ஹெல்சின்கி பிரகடனமும் 2008-ல் அதையே சொன்னது.

இதற்கான காரணம் கொஞ்சநஞ்சமல்ல. மன அழுத்தத்துக்கான 12 மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை ஒரு குழு எடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று அமைப்பு கருதியவை 38. அவற்றில் 37 அச்சில் வந்துவிட்டன. தோற்றவை அல்லது சந்தேகமானவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 வெற்றி போலத் திருப்பி எழுதப்பட்டன, உள்ளது உள்ளபடி வந்தவை 3. நூலகத்தை மட்டும் நம்பிய மருத்துவருக்கு நூற்றில் 94 வெற்றி. அமைப்பின் கோப்பில் 51. ஒரே மருந்துகள்தான், படித்த இடம்தான் வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கட்டுரையில் பதிவு எண்ணைத் தேடுங்கள். அமெரிக்கப் பதிவேடானால் ‘என்சிடி’ என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். எண் இல்லையென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் பொதுத் தேடல் தளத்தில் மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் போடுங்கள், பல நாட்டுப் பதிவேடுகளும் ஒரே இடத்தில் வரும். பிறகு இரண்டு தேதிகளை ஒப்பிடுங்கள்: பதிவு செய்த தேதி, முதல் நோயாளி சேர்ந்த தேதி. பதிவு பின்னால் வந்திருந்தால், விடை தெரிந்த பிறகு கேள்வி எழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது.

அடுத்து ‘முதன்மை விளைவு’ என்ற வரி, அதாவது பரிசோதனை முக்கியமாக எதை அளக்கிறது என்பது. பதிவில் ‘ஓராண்டில் மரணம்’ என்று இருந்து, கட்டுரையில் ‘மூன்று மாதத்தில் ரத்த அளவு’ என்று மாறியிருந்தால், முன்பு சொன்னது சரிவராமல் மாற்றியிருக்கிறார்கள் என்பதே முதல் யூகம். அமெரிக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘பதிவு வரலாறு’ என்ற பக்கம் உண்டு. பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி என்றைக்கு மாறியது என்று பார்க்கலாம். பலர் இந்தப் பக்கம் வரைக்கும் போவதே இல்லை. மாற்றம் எல்லாமே மோசடி அல்ல. நோயாளிகள் போதாமல் அளவுகோலை மாற்றுவதும் உண்டு. ஆனால் காரணத்தைக் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் முடிவு. பரிசோதனை முடிந்து 12 மாதத்துக்குள் முக்கிய முடிவுகள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 நிலைப்பாடு. அமெரிக்காவில் சட்டத்தின் வரம்புக்குள் வரும் பரிசோதனைகளுக்கு இது 2007 முதல் சட்டமே. நாளொன்றுக்கு 10,000 டாலருக்கு மேல் அபராதம் போட இடமிருக்கிறது, போடுவது அரிது. முடிந்து இரண்டாண்டு ஆகியும் முடிவுப் பகுதி வெறுமையாக இருந்தால், அதைப் பொறுப்பு ஆய்வாளருக்கும் நிதி தந்த அமைப்புக்கும் எழுதிக் கேட்கலாம். மாணவர்கள் இப்படிப் பட்டியல் போட்டுக் கேட்டாலே சில இடங்களில் முடிவுகள் ஏறிவிடுகின்றன.

பதிவேட்டு முடிவும் போதாத இடம் உண்டு. ஃப்ளூ காய்ச்சலுக்கான டாமிஃப்ளூ மாத்திரையைப் பல அரசுகள் பெருந்தொகைக்கு வாங்கிக் குவித்த பிறகு, காக்ரேன் குழு ஆண்டுக்கணக்கில் கேட்டு, ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல் உள்ள முழுப் பரிசோதனை அறிக்கைகளை வாங்கிப் படித்து 2014-ல் முடிவு சொன்னது. பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் தணிய ஆகும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. மருத்துவமனையில் சேர்வது குறைவதாகக் காட்ட ஆதாரம் இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. அச்சான கட்டுரைகளை மட்டும் படித்திருந்தால் இந்தச் சித்திரம் கிடைத்திருக்காது.

கேள்வி: ப்ரீபிரின்ட்களை நம்பலாமா? சரிபார்க்காமலே போட்டுவிடுகிறார்களே? – சுகாதாரச் செய்தியாளர்

பதில்: சரிபார்த்த கட்டுரையை நம்பலாமா என்றும் கேட்க வேண்டும். 2020 மே 22 அன்று உலகின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில், 671 மருத்துவமனைகளின் தரவு என்று சொல்லி கோவிட்டுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயினால் ஆபத்து என்ற கட்டுரை வந்தது. அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்தப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது, தரவைத் தந்த தனியார் நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இது மதிப்பாய்வு முடிந்த கட்டுரை.

மறுபக்கம், கோவிட்டுக்கு ஐவர்மெக்டின் அற்புதமாக வேலை செய்வதாக ஒரு ப்ரீபிரின்ட் வந்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அதன் தரவுக் கோப்பைத் திறந்தார். கடவுச்சொல் 1234 என்று ஊகித்தே திறந்துவிட்டார். ஒரே நோயாளியின் வரிசைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஆய்வு தொடங்கும் முன்பே இறந்ததாகச் சிலர் இருந்தார்கள். 2021 ஜூலையில் அந்த ப்ரீபிரின்ட் நீக்கப்பட்டது. இரண்டையும் காட்டிக்கொடுத்தது தரவுதான். ஒன்றில் தரவு இல்லாதது, மற்றதில் இருந்தது.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் நாளைக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை என்ற எளிய சிகிச்சை, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று பிரிட்டனின் ரெகவரி பரிசோதனை 2020 ஜூன் 16-ல் அறிவித்தது. ஆறாவது நாள் ப்ரீபிரின்ட் வந்தது. மலிவான, உலகெங்கும் கிடைக்கும் மருந்து என்பதால் அந்த வேகத்துக்கு உயிர் மதிப்பு இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்பதும் அதே ப்ரீபிரின்டில் இருந்தது. செய்தி எழுதும்போது அதை விட்டுவிடக் கூடாது.

எழுதும் முன் பாருங்கள்: பதிவு எண் உண்டா, முன்கூட்டிய ஆய்வுத் திட்டம் பொதுவில் உண்டா, தரவு எங்கே என்று சொல்லியிருக்கிறார்களா. ‘கேட்டால் தருவோம்’ என்ற வாக்கியத்துக்கு அதிக மதிப்பெண் போடாதீர்கள். கேட்பவர்களில் பலருக்குப் பதிலே வருவதில்லை.

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனையில் சில நூறு நோயாளிகளின் சிகிச்சை விவரம் எக்ஸெல்லில் இருக்கிறது. மற்றவர்களுக்கும் பயன்படும்படி வெளியிட விருப்பம். பெயரை நீக்கிவிட்டால் போதுமா? – குழந்தைகள் நல மருத்துவர்

பதில்: போதாது. பெயர் நீக்குவது முதல் படிகூட இல்லை. முதல் படி, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் ஒப்புதல் படிவமும். நோயாளிகள் கையெழுத்திட்ட படிவத்தில் ‘பிற ஆய்வாளர்களுடன் பகிரலாம்’ என்ற பொருளில் வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கமிட்டியிடம் போங்கள். அவர்கள் சில சமயம் விலக்கு தருவார்கள், சில சமயம் மீண்டும் ஒப்புதல் கேட்கச் சொல்வார்கள்.

பெயர் இல்லாமலே ஆளைப் பிடிக்கலாம் என்பதை லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் எண் மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினர் தனித்து நிற்பார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆகவே உங்கள் கோப்பில் ஒவ்வொரு பத்தியையும் (நெடுவரிசையையும்) ‘இது வெளியில் வேறு யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டுப் பிரித்துப் பாருங்கள்.

பெயர், தொலைபேசி, மருத்துவமனை எண் ஆகியவற்றை எடுத்துவிட்டு, அவற்றோடு தொடர்பில்லாத புது எண் கொடுங்கள். பழைய எண்ணையே கூட்டிக் கழித்துப் புது எண் உண்டாக்கக் கூடாது, யாரும் திரும்பக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயது. குழந்தைகள் என்பதால் மாதக் கணக்கு வேண்டியிருக்கும், அதை வைத்துக்கொண்டு ஊரைப் பெரிய பகுதியாக்குங்கள். இரண்டையும் நுணுக்கமாக வைத்தால் ஆள் தெரிந்துவிடும். அனுமதித்த தேதி, ஆபரேஷன் தேதி, வீடு திரும்பிய தேதி மூன்றையும் ஒரு நோயாளிக்கு ஒரே அளவு நாள் நகர்த்துங்கள், நோயாளிக்கு நோயாளி அளவு மாறட்டும். இடைவெளி கெடாது. ஆனால் பருவத்தைப் பொறுத்த நோயானால் கண்டபடி நகர்த்தினால் ஆய்வே பாழாகும். மிமிக் என்ற புகழ்பெற்ற தீவிர சிகிச்சைத் தரவுத் தொகுப்பில் நோயாளிகளின் தேதிகள் 22-ஆம் நூற்றாண்டுக்குப் போயிருக்கும். ஆனால் வாரநாளும் தோராயமான பருவமும் மாறாதபடி நகர்த்தியிருப்பார்கள். அதன் மூன்றாம் பதிப்பில் 89 வயதைத் தாண்டியவர்களின் வயது 300-க்கு மேல் காட்டும். தெரியாமல் சராசரி எடுத்தவர்கள் உண்டு.

வீட்டின் இடக்குறியீடு வேண்டுமென்றால் உலக அளவிலான மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள் செய்வதைப் பாருங்கள். நகரப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரையும், கிராமப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரையும், அவற்றில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்திவிடுவார்கள்.

பிறகு ஒரு சோதனை. வயது, பாலினம், பகுதி, நோய் நான்கையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். எந்தச் சேர்க்கையிலாவது ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், வயதுப் பிரிவை அகலமாக்குங்கள் அல்லது பகுதியைப் பெரிதாக்குங்கள். அரிய நோயுள்ள ஒரே குழந்தை என்றால், அந்த வரியை வெளியிடாதீர்கள். ‘குறிப்பு’ என்ற பத்தியைக் கண்ணால் முழுதும் படியுங்கள். ‘அப்பா இன்ன பள்ளியின் தலைமையாசிரியர்’ என்று யாராவது தட்டச்சு செய்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பத்தியையே நீக்குவது நல்லது.

இதெல்லாம் முடிந்தாலும் கோப்பு பயன்படாமல் போகலாம். காரணம் எளிமையானது: தரவு அகராதி இல்லை. ஒவ்வொரு பத்தியின் பெயர், அலகு, குறியீடு, விடுபட்டதை எப்படிக் குறித்தீர்கள் என்று தனித் தாளில் எழுதுங்கள். விடுபட்ட எடைக்கு 99 என்று போட்டிருந்தால், வேறொருவர் அதைக் கிலோவாக எடுத்துக்கொண்டு சராசரி போடுவார். அதை வெறுமையாக விடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-05 என்று எழுதுங்கள். 5/3 என்றால் சிலருக்கு மே, சிலருக்கு மார்ச்.

எக்ஸெல் பற்றியும் எச்சரிக்கை. செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றித் தொல்லை கொடுத்ததால் 2020-ல் பெயரையே மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டு பழைய எக்ஸெல் கோப்பின் 65,536 வரி எல்லையைக் கவனிக்காததால் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டன. ஆகவே எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய சிஎஸ்வி கோப்பாகவும் கொடுங்கள்.

வெளியிட ஜெனோடோ போன்ற களஞ்சியம் போதும். ஒரு தொகுப்புக்கு 50 ஜிபி வரை இலவசம், தொகுப்பை அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண்ணும் தரும். தரவு நுட்பமானதென்றால், கோரிக்கையைப் பரிசீலித்த பிறகே திறக்கும் கட்டுப்படுத்தப்பட்ட அணுகலைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பரிசீலிப்பவர் யார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்று எழுதாவிட்டால், அது பூட்டு என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

கேள்வி: வசதி குறைந்த நாடுகள் தரவைத் திறந்துகொடுத்தால், பணக்கார ஆய்வகங்கள் எடுத்துக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிக்கொள்கின்றன. இதில் சமத்துவம் எங்கே? – பொதுச் சுகாதார ஆய்வாளர்

பதில்: உங்கள் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைத் தொடர்ந்து அனுப்பிவந்த இந்தோனேஷியா, அதிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது, தங்கள் மக்களால் அதை வாங்க முடியாது என்று தெரிந்ததும் 2007 தொடக்கத்தில் மாதிரி பகிர்வதை நிறுத்தியது. ‘உலகப் பாதுகாப்புக்குத் துரோகம்’ என்றவர்களும் உண்டு. நாலாண்டு பேச்சுக்குப் பிறகு, 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தில் கொள்ளைநோய்க் காய்ச்சல் ஏற்பாடு வந்தது. வைரஸ் மாதிரிகளைப் பகிரும் வலையமைப்பைப் பயன்படுத்தும் தயாரிப்பு நிறுவனங்கள் நிதி தர வேண்டும், தடுப்பூசி முதலிய பலன்களில் பங்கு ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. நிறுத்தாமல் இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்பது சந்தேகமே.

2021 நவம்பரில் ஒமைக்ரான் வகையைக் கண்டு உடனே உலகத்துக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குச் சில நாட்களிலேயே கிடைத்தது பயணத் தடை. விமானம் நின்றால் ஆய்வகத்துக்கு வேண்டிய ரசாயனங்களே வராது என்று அங்குள்ள விஞ்ஞானிகள் எச்சரிக்க வேண்டியிருந்தது. முதலில் சொல்பவனைத் தண்டித்தால் அடுத்தவன் தாமதமாகத்தான் சொல்வான்.

ஒப்புதலை மீறுவது இன்னொரு வகை. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தை, மனச்சிதைவு, இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்கு 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் முடிந்தது. தரவு தேடக் கிடைக்க வேண்டும், மற்றவர்கள் மீண்டும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று சொல்லும் 2016-ன் ஃபேர் கோட்பாடுகளுக்குத் துணையாக, கூட்டுப் பலன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் ஆகியவற்றைப் பேசும் கேர் கோட்பாடுகளை 2019-ல் பூர்வகுடி ஆய்வாளர்கள் முன்வைத்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் பின்னணி.

இது முடியாத காரியம் அல்ல. மலேரியா மருந்து ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்த டபிள்யூவார்ன் வலையமைப்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தனித்தனியாகப் பார்த்தபோது சிறு ஆய்வுகளில் தெரியாத ஒன்று, நோயாளி வாரியாகத் தரவைச் சேர்த்தபோது தெரிந்தது. டைஹைட்ரோஆர்டிமிசினின்–பிப்பராகுயின் மாத்திரை சிறு குழந்தைகளுக்கு எடைக்குப் போதாத அளவில் போய்க்கொண்டிருந்தது, அவர்களுக்கே நோய் திரும்பி வந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான அளவை உயர்த்தியது. தரவு கொடுத்தவர்கள் அந்தக் கூட்டு ஆய்வில் பங்காளிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தார்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். தரவுக்கு யார் பொறுப்பாளர்? சேகரித்தவர்கள் முதலில் எழுத எத்தனை மாத அவகாசம்? பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதம் நியாயம், மூன்றாண்டு என்றால் அது பதுக்கல். பகுப்பாய்வுக்கு உங்கள் ஆட்களுக்குப் பயிற்சியும் கணினியும் எந்தத் தலைப்பில் நிதியில் இருக்கிறது? பயிற்சிக்கென்று தனி வரி இல்லாத திட்ட வரைவில் ‘திறன் மேம்பாடு’ என்று எழுதியிருப்பது வெறும் அலங்காரம். தரவுத் தொகுப்புக்கென்று தனி டிஓஐ வாங்கினால், யார் பயன்படுத்தினாலும் மேற்கோள் உங்களுக்கு வரும்.

கேள்வி: திறந்த அணுகல் இதழில் கட்டுரை போட ஆசிரியரிடமே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். படிப்பவரிடமிருந்து எழுதுபவரிடம் சுமை மாறியதுதான் மிச்சம் இல்லையா? – முனைவர் பட்ட ஆய்வாளர்

பதில்: ஆமாம். ‘நேச்சர்’ இதழ் இதற்கு நிர்ணயித்த கட்டணம் 2021-ல் 9,500 யூரோ. இந்த முறையில் படிப்பது திறந்தது, எழுதுவது மூடியது. ஆய்வுகளுக்கு நிதி தரும் கேட்ஸ் அறக்கட்டளை 2025 முதல் இந்தக் கட்டணத்தைத் தருவதையே நிறுத்திவிட்டது, ப்ரீபிரின்ட் போட்டால் போதும் என்கிறது.

உங்களுக்கு வழிகள்: படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் வாங்காத இதழ்களை ‘வைரத் திறந்த அணுகல்’ என்பார்கள். திறந்த அணுகல் இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் ‘கட்டணமில்லை’ என்று வடிகட்டித் தேடலாம். 1998-ல் பிரேசிலில் தொடங்கிய சியெலோ போன்ற பொது நிதித் தளங்களால் லத்தீன் அமெரிக்காவில் கட்டணமில்லாத இதழ்களே வழக்கமாகிவிட்டன. சந்தா இதழானாலும், மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் கையெழுத்துப் பிரதியைப் பல இதழ்கள் களஞ்சியத்தில் வைக்க விடுகின்றன, சில உடனே, சில ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து. கட்டண விலக்கு வேண்டுமென்றால் கட்டுரை அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்றபிறகு கேட்டால் பலரும் மறுப்பார்கள்.

உரிமத்தையும் கவனியுங்கள். ‘மாற்றம் கூடாது’ என்ற நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் அனுமதியின்றி யாரும் அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்து வெளியிட முடியாது. மருத்துவக் கட்டுரைக்கு அது பெரிய இழப்பு. ஆசிரியர் பெயரைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம் என்ற ‘சிசி பை’ உரிமம் போதும்.

கேள்வி: தரவெல்லாம் திறந்துவிட்டால் செயற்கை நுண்ணறிவு எல்லோருக்கும் சமமாக வேலை செய்யுமா? – பொறியியல் மாணவர்

பதில்: தரவில் இல்லாதவருக்கு அது வேலை செய்யாது. 2018 நிலவரப்படி மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர், ஆசியர் 10, ஆப்பிரிக்கர் 2. இந்தத் தரவை முழுக்கத் திறந்தாலும் அந்த ஏற்றத்தாழ்வும் அப்படியே திறந்து கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் திறந்த தரவால் ஓட்டை தெரியவரும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டும்போது, ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழ் இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதத்தில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தில். மருத்துவமனைகளில் ஏற்கெனவே கிடந்த அளவீடுகளை ஒப்பிட்டு 2020 டிசம்பரில் இது வெளியானது. கருவியோ பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதல் பத்துப் பேரிடம் சோதித்தாலே போதும் என்றிருந்தது, கருந்தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம். 2025 ஜனவரியில் வந்த வரைவு இந்த எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டியது. செயற்கை நுண்ணறிவு மாடல் செய்யும்போது மொத்தத் துல்லியத்தை மட்டும் போடாதீர்கள். பாலினம், வயது, தோல் நிறம், மருத்துவமனை என்று பிரித்துப் போடுங்கள், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து.

கேள்வி: என்னை ஒரு மருந்துப் பரிசோதனையில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்? – வாசகர்

பதில்: பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முடிவு எப்போது, எந்த மொழியில் உங்களுக்கு வரும் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிந்து ஓராண்டுக்குள் சாமானியருக்கான சுருக்கம் தருவது சட்டக் கடமை, மற்ற பல இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும். மருந்து பலித்தால் பரிசோதனைக்குப் பின்னும் அது உங்களுக்குக் கிடைக்குமா, எவ்வளவு காலம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் ரத்தமும் விவரமும் இந்த ஆய்வுக்கு மட்டுமா, பின்னால் வேறு ஆய்வுக்கும் போகுமா என்று படிவத்தில் தனித்தனிக் கட்டங்களாக இருந்தால் நல்லது. ஒரே கையெழுத்தில் எல்லாம் அடங்கியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை பாதிக்காது. ஆனால் ஏற்கெனவே பெயர் நீக்கி வெளியிட்ட தொகுப்பிலிருந்து உங்கள் வரியை மட்டும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே தரவு எந்தத் தேதியில் வெளியாகும், அதற்கு முன் எந்த நாள் வரை விலகினால் உங்கள் விவரத்தை நீக்குவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, படிவத்தின் உங்கள் பிரதியில் எழுதி வாங்குங்கள்.